நடுவில் நின்றுபோகும் பாட்டு

1964 ஜூன் மாதம். பழைய ப்ளூஸ் இசைத்தட்டுகளின்மேல் பித்துக்கொண்ட மூன்று இளைஞர்கள், டிக் வாட்டர்மேன், நிக் பெர்ல்ஸ், ஃபில் ஸ்பைரோ, அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பிவரை போய் ஒரு கிட்டார்க் கலைஞரைத் தேடினார்கள். ஆள் அங்கே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே வடக்கே குடிபெயர்ந்துவிட்டார் என்று தெரிந்து, நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ஒருவழியாகப் பிடித்தார்கள். அவர் சன் ஹவுஸ், வயது 62. 1930இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்கும், 1941, 1942 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸிடமும் பாடிப் பதிவுசெய்தவர். இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் அவர் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவருக்கோ அது முடிந்துபோன கதை. ராசெஸ்டரில் ரயில்வே வேலைக்குப் போனார். கூட்டாளி வில்லி பிரவுன் 1952இல் இறந்தபின் வாசிப்பையும் விட்டுவிட்டார். மேடையேற்றிப் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்தவர்களின் முன்னால், தன் பாடல்களைத் தானே வாசிக்க முடியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போது உதவிக்கு வந்தவர் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஆலன் வில்சன். பின்னாளில் ‘கேன்ட் ஹீட்’ ராக் குழுவால் புகழ்பெற்ற அவருக்கு அன்று 21 வயதுகூட நிறையவில்லை. பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டே சன் ஹவுஸின் வாசிப்பைக் கைக்குள் கொண்டுவந்திருந்தார். 1930இல் இப்படி வாசித்தீர்கள், 1942இல் அப்படி வாசித்தீர்கள் என்று அவர் வாசித்துக்காட்ட, கிழவரின் கை மெல்ல மெல்லப் பழைய இடங்களுக்குத் திரும்பியது. சன் ஹவுஸுக்கே சன் ஹவுஸை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று வில்சனைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1965 ஏப்ரலில் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சன் ஹவுஸ் மறுபடி பாடினார்.

ஹவுஸைக் கண்டுபிடிப்பதற்கு ஓராண்டு முன்பு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் ஓக்கே நிறுவனத்துக்காகச் சில பாடல்களைப் பதிவுசெய்துவிட்டுத் தன் சிற்றூரான ஆவலானுக்குத் திரும்பி விவசாயம் பார்த்தவர். அவருடைய பாடல் ஒன்றில் ஊரின் பெயர் வந்ததைத் துப்பாகக்கொண்டு 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ப்ளூஸ் ஆர்வலர் அங்கே போய்ச் சேர்ந்தார். வந்தவர் வாசிக்கச் சொன்னார், ஹர்ட் வாசித்தார். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் மாறிமாறி நடைபோட, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னும் அந்த நடை, 35 ஆண்டுகளுக்குப் பிறகும் இசைத்தட்டில் இருந்ததுபோலவே இருந்தது. அந்தக் கோடையிலேயே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஏறிவிட்டார்.

ஹர்ட் ஊரார் கூடும் இடங்களில் வாசித்துக்கொண்டே இருந்தார், ஹவுஸ் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிவிடலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடியோடு போய்விட்டதாகத் தோன்றியது ஹவுஸிடம் சில மாதங்களில் எப்படித் திரும்பியது? அந்த இடைக்காலத்தில் பாட்டு எங்கே இருந்தது? கிட்டார் கற்கும் எவருக்கும் இது தன் அனுபவத்தை ஒட்டிய கேள்விதான். மூன்று மாதத்துக்கு முன் தடங்கலில்லாமல் வாசித்த பாட்டு இன்று பாதியில் நிற்கிறது. எவ்வளவு யோசித்தாலும் அடுத்த கார்ட் வருவதில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தால் மட்டும் அந்த இடத்தைக் கடந்து போய்விடுகிறது.

கை அறிந்தது, மனம் அறியாதது

கையின் நினைவும் மனத்தின் நினைவும் தனித்தனி ஏற்பாடுகள் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் வலுவான சான்றுகள் உண்டு. அமெரிக்கரான ஹென்றி மோலைசனுக்கு வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953இல் மூளை அறுவை செய்யப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே நட்சத்திர வடிவத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாளில் மோலைசனின் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வேலையை முதல் முறையாகச் செய்வதாகவே அவர் எண்ணினார்.

இசையில் இதைவிடத் தெளிவான உதாரணம் பிரிட்டனின் கிளைவ் வேரிங். இசை ஆய்வாளரும் பாடகர் குழு நடத்துநருமான அவரை 1985 மார்ச்சில் மூளையழற்சி தாக்கியது. சில விநாடிகளுக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காத நிலை. ஆனால் பியானோவின் முன் உட்கார்ந்தால் வாசிப்பார். பாடகர்கள் எதிரில் நின்றால் குழுவை நடத்துவார். வாசித்து முடித்ததும், வாசித்ததே அவருக்குத் தெரியாது.

இதைப் படிப்பவர், அப்படியானால் எல்லாவற்றையும் கைக்கு விட்டுவிடலாமே என்று நினைக்கக்கூடும். பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரே பத்தியை ஐம்பது முறை ஓட்டினால் விரல் தானாகப் போகத் தொடங்கும். அதை ‘மசில் மெமரி’ என்கிறோம். தசையில் நினைவு கிடையாது. இயக்க வரிசையைத் தேக்கிவைப்பதும் மூளைதான். விரல் தானாகப் போவது ஒரு சங்கிலியால் என்று தோன்றும்: ஓர் அசைவு முடிந்த உணர்வு அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்று. இந்த விளக்கத்தை உளவியலாளர் கார்ல் லாஷ்லி 1951இல் வெளியான ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் மறுத்தார். இசைக் கலைஞரின் விரல்கள் விநாடிக்கு 16 அசைவுவரை போகின்றன; ஓர் அசைவின் உணர்வு மூளைக்குப் போய் அடுத்த கட்டளையாகத் திரும்பி வர அவ்வளவு குறுகிய நேரம் போதாது. ஆகவே அசைவுகளுக்கு மேலே ஒரு திட்டம் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். வாசிப்பு பிசகும்போது கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த மேல்திட்டம்தான். விரலை எத்தனை முறை ஓட்டினாலும், திட்டம் தெளிவாக இல்லையென்றால் தடுக்கிய இடத்திலிருந்து தொடர வழி இருக்காது.

ஆறு தந்தியின் தனிச் சிக்கல்

பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே ஒரு கட்டை. கிட்டாரில் அப்படியில்லை. முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் இ என்ற சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும், ஐந்தாம் தந்தியின் 19ஆம் ஃப்ரெட்டிலும் அதே சுருதியில் இருக்கிறது. மெட்டு தெரிந்திருந்தாலும் அதை எந்த வழியில் வாசித்தோம் என்பது தனியாக நினைவில் இருக்க வேண்டும். ஒரு விரலை வேறு தந்தியில் வைத்துவிட்டால், சுரம் சரியாகவே ஒலித்தாலும், அடுத்த சுரத்துக்குக் கை எட்டாத இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இந்தச் சிக்கலால்தான் தந்தி வாத்தியக்காரர்கள் வெகுகாலத்துக்கு முன்பே தங்களுக்கென்று ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டார்கள். வெனிஸ் நகரில் அச்சாளர் பெத்ரூச்சி 1507இல் வெளியிட்ட, லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கான ஸ்பினாசினோவின் நூல் டேப்லேச்சர் முறையில் அமைந்தது. எந்தச் சுரம் என்பதை அது சொல்வதில்லை. எந்தத் தந்தியில் எந்த இடம் என்று சொல்லும். இன்று இணையத்தில் கிடைக்கும் கிட்டார் டேப்களும் அதே மரபுதான். வசதியான முறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் கற்றவருக்கு, ‘மூன்றாம் தந்தி, ஏழு’ என்பது ஓர் எண் மட்டுமே. அது எந்தச் சுரம், கீழே ஒலிக்கும் கார்டுக்கு அது என்ன உறவு என்பது பதிவாகவில்லை. எண் மறந்தால் அதை வருவிக்க வேறு ஆதாரம் இல்லை.

ட்யூனிங்கும் நினைவின் ஒரு பகுதி. 1964இல், சன் ஹவுஸ் அகப்பட்ட அதே ஜூன் மாதத்தில், மிசிசிப்பியின் டுனிகா ஊர் மருத்துவமனையில் கண்டுபிடிக்கப்பட்டவர் ஸ்கிப் ஜேம்ஸ். அவர் பாடல்கள் பல டி மைனர் ஓசை தரும்படி தந்திகளை மாற்றிக் கூட்டிய ட்யூனிங்கில் அமைந்தவை. சாதாரண ட்யூனிங்கில் வைத்து அதே விரலசைவைச் செய்தால் வெறும் அபசுரம்தான் மிஞ்சும். கை மட்டும் நினைவு வைத்திருந்து பயனில்லாத இடம் இது.

எங்கிருந்து உள்ளே போவது?

கனெக்டிகட் பல்கலைக்கழக உளவியலாளர் ரோஜர் சாஃபின், ருமேனியாவில் பிறந்த பியானோ கலைஞர் காப்ரியேலா இம்ரேவோடு சேர்ந்து செய்த ஆய்வு, மனப்பாடம் எப்படி அமைகிறது என்பதை வெகு நெருக்கத்தில் பார்த்தது. பாக் இயற்றிய ‘இத்தாலியன் கன்செர்டோ’வின் மூன்றாம் பகுதியை இம்ரே புதிதாகக் கற்ற பயிற்சி முழுவதும், ஏறத்தாழ 33 மணி நேரம், வீடியோவில் பதிவானது. எந்த இடத்தில் நிறுத்தினார், எந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார் என்று ஒவ்வொரு தாளக் கட்டமாகக் கணக்கெடுத்தார்கள். ஆய்வு 2002இல் நூலாக வந்தது.

இம்ரே கண்டபடி நிறுத்தித் தொடங்கவில்லை. இசையின் பகுதிகள் தொடங்கும் இடங்களிலிருந்தே மீண்டும் மீண்டும் புறப்பட்டிருந்தார். விரல் சிக்கல், உணர்ச்சி மாற்றம், ஒலியின் ஏற்றஇறக்கம் என்று தான் கவனம் வைக்கும் சில இடங்களையும் அடையாளம் சொன்னார். இவற்றைச் சாஃபின் நிகழ்த்துதலின் நினைவுக் குறிகள் என்று கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, முதல் பக்கத்தை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: ஒவ்வொரு பகுதியின் தொடக்கமும் நன்றாக நினைவில் இருந்தது, தொடக்கத்திலிருந்து தள்ளிப் போகப் போக நினைவு மங்கியது. அவர் வேண்டுமென்றே கட்டிவைத்த நுழைவிடங்கள்தான் காலத்தைத் தாண்டி நின்றிருந்தன.

கிட்டார் கற்பவரின் பயிற்சியை இதோடு ஒப்பிட்டால் கோளாறு விளங்கும். பெரும்பாலானோர் தவறு செய்ததும் பாட்டின் தொடக்கத்துக்கே திரும்பிப் போகிறார்கள். விளைவாக, முதல் பல்லவி நூறு முறை பழகியிருக்கும், கடைசிச் சரணம் பத்து முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாட்டுக்கு ஒரே நுழைவிடம்தான் உருவாகியிருக்கும்: முதல் சுரம்.

சாஃபினின் ஆய்வு சுட்டும் இன்னொரு வகை இடம், ஒரே மாதிரி வந்து வேறு பக்கம் திரும்பும் முனைகள். சினிமாப் பாட்டின் அமைப்பில் வைத்துப் பார்க்கலாம். பல்லவி முதல் முறை ஜி, சி, டி என்று முடிந்து பல்லவிக்கே திரும்புகிறது. இரண்டாம் முறையும் அதே ஜி, அதே சி. ஆனால் டி வர வேண்டிய இடத்தில் இ மைனர் வந்து இடையிசைக்குள் இறங்குகிறது. விரலின் பழக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். சி-யிலிருந்து எங்கே போவது என்பதை விரல் சொல்லாது. இது இரண்டாவது முறை என்று வாசிப்பவர் அறிந்திருந்தால்தான் வழி தெரியும். நடுவில் நிற்கும் பாட்டுகள் இப்படிப்பட்ட முனைகளில்தான் அடிக்கடி நிற்கின்றன. பல்லவியையே சுற்றிச் சுற்றி வந்து வெளியேற முடியாமல் திண்டாடும் காட்சியை எந்தக் கிட்டார் வகுப்பிலும் பார்க்கலாம்.

எண்ணிக்கையைக் குறைப்பது

வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் சதுரங்க வீரர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய் அமைப்பைச் சில விநாடி காட்டினால், தேர்ந்த வீரர் அதைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அடுக்கினார். புதியவர் சில காய்களோடு நின்றுவிட்டார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் மேன்மை பெரும்பாலும் கரைந்துபோனது. பொதுவான ஞாபகசக்தியில் அவர் உயர்ந்தவர் இல்லை. பல காய்களை ஒரே பொருளுள்ள தொகுப்பாகப் பார்க்கத் தெரிந்தவர்.

கிட்டாரில் இதற்கு எளிய உதாரணம் 12 கட்ட ப்ளூஸ். இ சுருதியில் அதை எழுதினால் நான்கு தாளக் கட்டம் இ, இரண்டு கட்டம் ஏ, மறுபடி இரண்டு கட்டம் இ, பிறகு பி, ஏ, இ, இ. புதிதாகப் பார்ப்பவருக்கு 12 தகவல்கள். பழகியவருக்கு ஒரே தகவல்: ‘இ-யில் ப்ளூஸ்’. பாட்டுக்குப் பாட்டு வேறுபடும் ஓரிரு இடங்களை மட்டும் அவர் நினைவில் வைத்தால் போதும். நூறு ப்ளூஸ் பாட்டு தெரிந்தவர் நூறு பட்டியல்களைச் சுமப்பதில்லை.

நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் இதே அறிவு ஒரு தொழில்முறையாகவே ஆனது. எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னணி பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மேத்யூஸ், 1950களின் பிற்பகுதியில் கார்ட்களுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்து எழுதிக்கொண்டார். சார்லி மெக்காய் முதலிய வாத்தியக்காரர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். சுருதியின் ஆதார கார்ட் 1. அதிலிருந்து எண்ணினால் 4, 5. பாடகர் கடைசி நிமிடத்தில் சுருதியை ஏற்றச் சொன்னாலும் எழுதியதைத் திருத்த வேண்டியதில்லை. நம் ஊர் வாசகருக்கு இது புதிதில்லை. ஸ எந்தக் கட்டையில் நின்றாலும் ஸ தான். ப அதற்கு உறவால்தான் ப. சுரம் பாடிக் கற்றவர் பாட்டை உறவுகளாகவே நினைவில் வைக்கிறார்.

ஜி, சி, டி என்று விரல் வடிவங்களை மட்டும் கற்றவரை, எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ காப்பாற்றும். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவை மாட்டினால் அதே வடிவங்கள் ஏ சுருதியில் ஒலிக்கும். விரலுக்கு வேலையே மாறவில்லை. கேப்போவைக் கழற்றிவிட்டு அதே பாட்டை ஏ-யில் வாசிக்கச் சொன்னால்தான் தெரியும், பாட்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று. 1, 4, 5 என்று அறிந்தவர் ஏ, டி, இ என்று மாற்றிக்கொள்வார். வடிவம் மட்டும் அறிந்தவருக்கு அது புதுப் பாட்டு.

பாடிக்கொண்டே வாசிப்பவருக்குச் சொல்லும் துணை செய்கிறது. வாய்மொழி மரபுகளின் நினைவை ஆராய்ந்த டேவிட் ரூபின் 1995இல் வெளியிட்ட நூலில், பொருள், எதுகை, தாளம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் அடுத்த சொல்லுக்கான சாத்தியங்கள் குறைந்துபோகின்றன என்று காட்டினார். கார்ட் மாறும் இடத்தைப் பாட்டின் எந்த அசையில் விழுகிறது என்று அறிந்தவருக்கு, வாய் கைக்கு அடியெடுத்துக் கொடுக்கும்.

மிச்சம்

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வில் தானே ஆய்வாளர், தானே சோதனைக்குள்ளானவர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மீண்டும் கற்க எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்துக் கற்றபோது முதல்முறை ஆன உழைப்பில் சுமார் 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து சுமார் 34 சதவீதம். 31 நாள் கழித்து சுமார் 21. மறதியின் வேகத்தைக் காட்டவே இந்த எண்களை எடுத்துக்காட்டுவார்கள். அவற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முதல் நாளில் அவ்வளவு விழுந்தது, அடுத்த முப்பது நாளில் கொஞ்சம்தான் விழுந்தது. சொல்லிப் பார்த்தால் ஒன்றும் வராத நிலையிலும், மீண்டும் கற்கும்போது உழைப்பு மிச்சமாகிறது.

சன் ஹவுஸிடம் நடந்ததற்கு இந்த மிச்சமே பொருத்தமான விளக்கம். வில்சன் புதிதாக ஒன்றை ஊட்டவில்லை. தூண்டுதல் கிடைக்கக் கிடைக்க உள்ளே இருந்தது வழி கண்டது. திரும்பி வந்ததும் பழைய தட்டின் நகலாக வரவில்லை. 1930இல் ‘மை பிளாக் மாமா’ என்று பதிவான பாட்டின் சரக்கு 1965இல் ‘டெத் லெட்டர்’ என்ற வேறு உருவில் வெளிவந்தது. கேட்டவர்கள் பலர் இரண்டாவதையே அவருடைய சிகரம் என்கிறார்கள்.

பயிற்சி அறையில் ஏமாற்றும் சுகம்

மிச்சத்தைப் பெருக்குவது எப்படி? ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் படித்ததையே மறுபடி படித்தார்கள். மறு சாரார் தாளை மூடிவிட்டு நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களுக்கே வெற்றி, 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு 42, மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 56.

கைப்பேசியில் கார்ட்ஸ் ஓட ஓடப் பார்த்து வாசிப்பது மறுபடி படிப்பதற்குச் சமம். அன்றைக்கு நன்றாக வரும், கற்றுவிட்ட நிறைவும் கிடைக்கும். திரையை அணைத்துவிட்டுத் தடுமாறி, அடுத்த கார்டைத் தேடிப் பிடிப்பது அலுப்பான வேலைதான். ஒரு வாரத்துக்குப் பிறகு பலன் தருவது அந்த அலுப்புத்தான்.

கிறிஸ்டின் கார்ட்டரும் ஜெசிக்கா கிரானும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இசைக்கலைஞர்களையே நேரடியாகச் சோதித்தது. தேர்ந்த கிளாரினெட் கலைஞர்கள் பத்துப் பேர். சில பகுதிகளை 12 நிமிடம் ஒரே மூச்சில் பழகினார்கள். வேறு சிலவற்றை மூன்று மூன்று நிமிடமாக மாற்றி மாற்றி, மொத்தம் அதே 12 நிமிடம் பழகினார்கள். மறுநாள் வாசிப்பைக் கேட்டு மதிப்பிட்டவர்கள், மாற்றிப் பழகியவற்றுக்கே பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 1979இல் ஷேயும் மார்கனும் கையசைவுப் பணிகளில் கண்டதும் இதே போக்குத்தான். பாட்டை விட்டு வேறொன்றுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், அந்தப் பாட்டை நினைவிலிருந்து புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது.

தூக்கத்தின் பங்கு பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும். மாத்யூ வாக்கர் குழுவினர் 2002இல், விரலால் தட்டும் ஒரு வரிசையைப் பழகியவர்கள் இரவு தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகம் கூடியதாக அறிவித்தார்கள். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, பழகிய களைப்பு நீங்கியதாலும் கணக்கிட்ட முறையாலும் தெரிந்தது என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எப்படியானாலும் ஒரே மாலையில் மூன்று மணி நேரத்தைக் கொட்டுவதைவிட மூன்று நாளாகப் பிரிப்பது மேல் என்பதில் அவ்வளவு சர்ச்சை இல்லை.

காதையும் விட்டுவிடக் கூடாது. ஸ்டீவன் ஃபின்னியும் கரோலின் பால்மரும் 2003இல், பியானோ கலைஞர்களை ஒலியோடும் ஒலி இல்லாமலும் கற்கவைத்தார்கள். கற்கும்போது ஒலியைக் கேட்டவர்கள் பிறகு நன்றாக நினைவுகூர்ந்தார்கள். நினைவிலிருந்து வாசிக்கும்போது ஒலியை நிறுத்தினாலும் கெட்டுப்போகவில்லை. கற்கும் நேரத்தில் உள்ளே போன ஓசை பிறகு கைக்கு வழிகாட்டியாக நின்றது.

எல்லாம் அழிந்த பிறகு

கிட்டார் நினைவின் கடைசி எல்லையைத் தொட்டுப் பார்த்தவர் என்று ஃபிலடெல்ஃபியாவின் ஜாஸ் கலைஞர் பாட் மார்டினோவைச் சொல்லலாம். பிறவியிலேயே மூளையில் ரத்தநாளங்கள் பின்னிக் கிடந்த கோளாறுக்காக 1980இல் அவருக்கு அறுவை நடந்தது. இடது பொட்டு மடலின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. விழித்தபோது பெற்றோரை அடையாளம் தெரியவில்லை. தான் கிட்டார் வாசிப்பவர் என்பதும் தெரியவில்லை. 22 வயதிலேயே ‘எல் ஓம்ப்ரே’ என்ற இசைத்தட்டை வெளியிட்டவருக்கு அந்த நிலை. பழைய பதிவுகளை அப்பா வீட்டில் ஒலிக்கவிடுவார். முதலில் அதைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. காலப்போக்கில் கிட்டாரைக் கையில் எடுத்து, தன் பதிவுகளையே ஆசிரியராக வைத்துக் கற்றார். 1987இல் நியூயார்க்கில் மேடையில் வாசித்துப் பதிவுசெய்த தட்டின் பெயர் ‘தி ரிட்டர்ன்’. உலகின் முன்னணிக் கிட்டார்க் கலைஞர்களில் ஒருவராக மீண்டும் நிலைபெற்றார். 2021இல் இறந்தார். நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 2014இல் அவர் கதையை மருத்துவ இதழொன்றில் ஆய்வாக எழுதினார்கள்.

மார்டினோ ஃப்ரெட் போர்டை வடிவங்களின் தளமாகப் பார்த்தவர். ஒரு கார்டின் ஒரு சுரத்தை மட்டும் ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் இன்னொரு கார்ட் பிறக்கும் என்ற கணக்கில் தன் பாடமுறையையே அமைத்தார். நிகழ்ச்சிகளின் நினைவு போனாலும், விரலின் திறன், வடிவங்களின் ஒழுங்கு, வெளியே தட்டுகளில் இருந்த ஓசை ஆகியவை ஒன்றுக்கொன்று கைகொடுத்தன.

இவ்வளவையும் ஒரு சாதாரணக் கற்பவரின் மேசைக்குக் கொண்டுவந்தால் வேலை மூன்றாகப் பிரிகிறது. புதிய பாட்டைக் கற்கும்போதே அதன் பகுதிகளுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் தொடங்கிப் பழகுவது முதலாவது. கடைசிச் சரணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது நல்ல பழக்கம். திரும்பும் முனைகளைத் தாளில் வட்டமிட்டு, அந்த இரண்டு கட்டங்களை மட்டும் தனியே மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, கற்ற பாட்டுகளின் பட்டியல். நிக்கோலஸ் செப்பேடா குழுவினர் 1,350 பேருக்கு மேல் வைத்துப் பொதுஅறிவுத் தகவல்களில் நடத்திய 2008ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு வாரம் நினைவில் நிற்க ஒரு நாள் இடைவெளியும், ஓராண்டு நிற்க ஏறத்தாழ மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. நீண்ட காலம் வேண்டுமென்றால் இடைவெளியும் நீள வேண்டும் என்ற போக்கைப் பாட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். நேற்றுக் கற்றதை இன்று, பிறகு நான்கைந்து நாளில், பிறகு இரண்டு வாரத்தில், பிறகு மாதம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் முதல் வாசிப்பு எதையும் பார்க்காமல் இருக்க வேண்டும். நின்ற இடத்தை மட்டும் பிறகு பார்த்துச் சரிசெய்தால் போதும். மாதம் ஒருமுறை வாசித்தும் தடுமாறாத பாட்டைப் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிட்டு அந்த நேரத்தைத் தடுமாறும் பாட்டுக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது, பதிவு. சன் ஹவுஸுக்கும் மார்டினோவுக்கும் தட்டுகள் இருந்தன. இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பாட்டு நன்றாக வந்த நாளில் இடது கை தெளிவாகத் தெரியும்படி ஒரு முறை படம்பிடித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ட்யூனிங் என்ன, கேப்போ எந்த ஃப்ரெட்டில், எந்தச் சுருதி என்று வாயால் சொல்லிவிட்டு வாசித்தால், ஓராண்டு கழித்துத் திறந்து பார்ப்பவருக்குத் தந்தியைக் கூட்டுவதிலிருந்தே குழப்பம் இருக்காது.